அமெரிக்க வரலாறும் அப்பாவின் தொழிலும்

படிக்கிற காலத்தில் எத்தனையோ கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. தப்பாகச் சொன்ன ஒரே ஒரு பதிலை மட்டும் குடும்பமே சேர்ந்து பத்திரமாக வைத்திருக்கிறது.

அப்போது நான் தர்மபுரி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் தாளாளருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளே காலேஜ் தரத்தில் அமெரிக்க வரலாறு படித்துப் பரீட்சை எழுதுகிறார்களாம், நம் பிள்ளைகள் எழுதினால் என்ன? வாரம் இரண்டு நாள் ஒரு அமெரிக்க டீச்சர் திரையில் வந்து நடத்துவார். முதலில் பெயர் கொடுத்த மேதாவி நான்தான். (இங்கிலீஷ் மீடியம் திமிர், வேறென்ன?)

பெரியப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் தக்காளித் தோட்டத்திலிருந்து கல்யாணம் காட்சி வரைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். "ஏண்டா, இவ அமெரிக்கா சரித்திரம் படிச்சிட்டு அங்க போயி கலெக்டராவா ஆவப்போறா? நீட்டுக்குப் போடுடா" என்றார். அண்ணன் பேச்சை அதுவரை தட்டியே இராத அப்பா, "படிக்கட்டும்ண்ணா" என்றார். பள்ளியில் பெற்றோர் முன்னால் மாதிரி வகுப்பு நடக்கும்போது நேரில் வந்து பார்ப்பேன், தேறவில்லை என்றால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று பெரியப்பா கெடு வைத்தார். ஆகமொத்தம் அப்பாவின் மானம் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாக்கைத் தீட்டினேன். எங்கள் பள்ளியில் படிப்பு என்றால் மனப்பாடம். அமெரிக்க ரயில் பாதைகளின் நன்மைகள் ஒன்பது பாயிண்ட், முன்னுரை முடிவுரையோடு, தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும்.

அன்று ஹால் நிறையக் கூட்டம். அப்பா மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் தக்காளிக் கறை. மூன்றாம் வரிசையில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கறையைத்தான் பார்த்தேன்.

டீச்சர் திரையில் ஒரு பழைய கடிதத்தைக் காட்டினார். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு அமெரிக்க விவசாயி எழுதியது. விளைந்த சோளத்தை ரயிலில் ஏற்றினால் வாடகைக்கே சரியாகிவிடுகிறது, அதனால் அடுப்பில் போட்டு எரிக்கிறோம் என்று எழுதியிருந்தார். இந்த மனுஷனுக்கு ஏன் இத்தனை கோபம், நீ என்ன நினைக்கிறாய் என்று டீச்சர் என்னைக் கேட்டார். தாளாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உடனுக்குடன் தமிழில் சொன்னார்.

நான் எழுந்து நின்று ரயில் பாதைகளின் நன்மைகள் ஒன்பதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஹாலே கைதட்டியது. டீச்சர் முகம் மட்டும் அசையவில்லை. நெட் போய்விட்டதென்று தாளாளர் வயரைப் பிடித்து ஆட்டினார். நெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 

பிறகு அந்தம்மா பொறுமையாக, உன் வீட்டில் யாராவது விவசாயம் செய்கிறார்களா என்று கேட்டார். பாவம், எனக்குக் கை கொடுக்கப் பார்த்தார்.

அதற்கு முந்தின மாதம்தான் விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாது என்று பாதித் தக்காளியைச் செடியிலேயே விட்டிருந்தோம். பறித்ததை நானும் அப்பாவும்தான் ரோட்டோரம் கொட்டினோம். அதைச் சொல்லியிருந்தால் போதும், அதுதான் பதில். ஆனால் அது நோட்ஸில் இல்லை. சட்டைக் கறை வேறு கண்ணை உறுத்தியது.

"நோ மேம். மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்" என்றேன்.

தாளாளர் அதையும் மொழிபெயர்த்தார். (அதைக்கூடவா சொல்ல வேண்டும், பாவி!)

டீச்சர் விடவில்லை. ஹாலில் விவசாயிகள் இருந்தால் கை தூக்கச் சொன்னார். அரூரிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் வந்திருந்த சனம், மளமளவென்று கைகள் எழுந்தன. பெரியப்பா கைதான் முதலில். அப்பா மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினால் நான் சொன்னது பொய்யாகிவிடுமே.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பா, "ஏம்ப்பா பிசினஸ்மேன், மூணு டிக்கெட் எடு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அசிங்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. அதோடு படிப்பு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். ஊரில் இறங்கி, இப்ப என்ன சொல்ற என்று பெரியப்பா கேட்டபோது அப்பா மறுபடியும் அதையேதான் சொன்னார். படிக்கட்டும்.

படித்தேன். பெங்களூர் போய்ப் பரீட்சையும் எழுதினேன். ஐந்துக்கு இரண்டு. (ஒப்பித்த லட்சணத்துக்கு அதுவே அதிகம்.)

பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தக்காளி விலை விழுகிற நாளெல்லாம் அம்மா, பிசினஸ்மேன் வந்துட்டாரு, மோர் குடு என்பார். என் கல்யாணத்தில் பெரியப்பா சம்பந்தி வீட்டாரிடம் அப்பாவை அப்படியேதான் அறிமுகம் செய்து, கதையை முழுசாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

போன மாதம் அப்பாவுக்காக என் போனில் ஒரு பேங்க் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தொழில் என்ற கட்டம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"உனக்கு எது தோதோ அதப் போட்டுக்க பாப்பா" என்றார்.