பொட்டு வைத்த ரிவால்வர்

ஆவணி பதினேழு, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. வானம் மூட்டமாக இருந்தது. மழை வருகிறேன் வருகிறேன் என்று மூன்று நாளாக மிரட்டிக்கொண்டிருந்ததே தவிர வந்தபாடில்லை. சேலத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் உள்ள சுடும் தளத்தில் தோட்டாக்காரர் தம்முடைய ரிவால்வரின் விசையை இழுத்தார். 'டிக்' என்றது. மறுபடி இழுத்தார். மறுபடி 'டிக்'. ஆறு முறை இழுத்தார். ஆறு 'டிக்'. வெடி என்று ஒன்றுகூட இல்லை.

உலகத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அத்தனை பேரிலும் இவரைவிட ஆபத்தில்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்ய நான் தயார். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நாமக்கல் பக்கம் அவருக்குக் கோழிப்பண்ணை. பத்தொன்பது வருஷம் அவருக்குக் கணக்கெழுதியவன் நான். முட்டை வசூல் பணத்தோடு வந்தவரை ஒருமுறை இரண்டு பேர் மறித்துப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் உரிமம் வாங்கி இந்த ரிவால்வரை இடுப்பில் கட்டினார். பன்னிரண்டு வருஷமாக அது இடுப்பை விட்டு இறங்கியதில்லை. கல்யாணப் பந்தியில் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். ஊரில் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை. தோட்டாக்காரர் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தேர்தல் வந்தால் உரிமக்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இவர் ஒப்படைப்பதைப் பார்த்தால் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். வாராவாரம் போய் வாசலில் நின்று கேட்பார்.

"ஏனுங்க, நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா சாப்ட்டுத் தூங்குதுங்கண்ணா. நீங்க வெசனப்படாமப் போங்க" என்பார் ஏட்டு.

இந்த ஆடி மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோதுதான் வினை வந்தது. புது இன்ஸ்பெக்டர் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, இது வெடிக்குமா?"

"துப்பாக்கிங்க அது. வெடிக்காம என்னங்க பண்ணும்?"

"கடைசியா எப்ப வெடிச்சீங்க?"

தோட்டாக்காரர் யோசித்தார். வெடித்ததே இல்லை. சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாலே போதும் என்றுதான் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தார்.

"தளத்துல சுட்டுக் காட்டிப் பொறுப்பாளர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா இதை இங்கயே வெச்சிட்டுப் போயிருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். ஆவணிக் கடைசி வரை தவணை கொடுத்தார்.

செய்தி எப்படியோ பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போய்விட்டது. மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் அப்பாவுக்கு எழுபத்து நாலு வயதாகிவிட்டது, பண்ணையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் வற்புறுத்தல். "துப்பாக்கியக் குடுத்துருங்கப்பா. ஒரு ஆளு பண்ணையப் பாக்க வாரேங்கறாரு. நல்ல வெலை" என்று ஃபோனில் சொன்னான்.

தோட்டாக்காரர் ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கணக்கரே, இன்னைக்கு இதைக் குடுத்தன்னா நாளைக்குப் பண்ணையக் கேப்பான். நாளான்னைக்கு என்ற பல்லுசெட்டக் கழட்டி வெக்கச் சொல்லுவான். குடுக்க முடியாதுங்க. வாங்க, போய் வெடிச்சுப்போட்டு வந்தர்லாம்."

அப்படி வந்து நின்ற இடத்தில்தான் அந்த ஆறு 'டிக்'.

தளத்தின் பொறுப்பாளர் ஒரு பழைய பட்டாளத்துக்காரர். ஒவ்வொரு 'டிக்'குக்குப் பிறகும் குழலை இலக்குப் பக்கமே நீட்டி முப்பது எண்ணும் வரை அசையக் கூடாது, தோட்டா சுணங்கி வெடித்தாலும் வெடிக்கும் என்று உத்தரவு போட்டிருந்தார். எண்ணுகிற வேலை எனக்கு. ஆறு முப்பது நூற்றெண்பது. அத்தனை நேரமும் தோட்டாக்காரர் நீட்டிய கையை இறக்காமல் நின்றார். என் இரத்த அழுத்தத்தை யாராவது அப்போது அளந்திருந்தால் கருவி உடைந்திருக்கும்.

"வெடிக்கலீங்களே ஐயா" என்றார் பொறுப்பாளர்.

"வானம் மோடம் போட்டிருக்குதுங்க. ஈரக் காத்து. வெயிலடிச்சா வெடிக்கும்" என்றார் இவர், தலையைக் குனியாமல்.

அடுத்து என்ன செய்வாரோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம். அதற்குத் தகுந்தாற்போலவே வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு யோசனை சொன்னார்.

"ஈரந்தானுங்க. குஞ்சுக் கொட்டாயில பல்புச் சூட்டுல ரெண்டு நாளு வெச்சா சரியாப் போயிரும்."

"ஏனுங்க, நாலாயிரம் குஞ்சு இருக்குது அங்க!"

"அதுக்கென்னங்க, தோட்டாவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது."

கொட்டகைச் சாவியை என் பனியனுக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை அவரைச் சேலத்தில் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கு இழுத்துப் போனேன்.

கடைக்காரர் ரிவால்வரைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக உருவித் துணியின் மேல் குப்புறக் கவிழ்த்து நிறுத்தினார். விளக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"இதென்னங்க, பின்னால மஞ்சளா?"

"சந்தனமுங்க" என்றார் தோட்டாக்காரர். "ஆயுத பூசைக்கு வெச்சது. ஊரே ஸ்பேனருக்கும் தராசுக்கும் பொட்டு வெக்குதுங்க. நெசமான ஆயுதம் என்றகிட்ட மட்டுந்தானுங்க இருக்குது. நான் வெக்காம வேற ஆருங்க வெப்பா?"

நானே பார்த்திருக்கிறேன். முட்டைத் தராசுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் வாழை இலை விரித்து, ரிவால்வரை நல்லெண்ணெய் போட்டுத் துடைத்துப் படுக்க வைப்பார். தோட்டா ஒவ்வொன்றின் பின்புறத்திலும், நெற்றி போல வட்டமாக இருக்கிற அந்த நட்டநடு இடத்தில், சந்தனமும் குங்குமமும் வைப்பார். பன்னிரண்டு பூஜை. போன வருஷப் பொட்டை அழிப்பது பாவம் என்று அதன் மேலேயே வைத்துவிடுவார்.

"ஐயா, நீங்க பொட்டு வெச்ச அந்த வட்டத்துலதான் மருந்து இருக்குது. ஊசி அதுல போய்க் குத்துனாத்தான் வெடிக்கும். எண்ணெய் ஊறி ஊறி மருந்து செத்துப் போச்சு. போதாததுக்கு மேல சந்தன மெத்தை வேற. ஊசி வர்ற ஓட்டையிலயும் சந்தனம் அடைச்சிருக்குது. துப்பாக்கியில கோளாறே இல்லீங்க. பக்திதான் கூடிப்போச்சு."

"பொட்டு வெச்சது தப்புன்னு நீங்க சொல்லக் கூடாதுங்க. அந்த ஊசி பலமா இருந்தா அதையுந் தாண்டிக் குத்தியிருக்குமுங்க."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். செத்த தோட்டாக்களை வீட்டில் நோண்டக் கூடாது என்று தாமே வாங்கி வைத்துக்கொண்டார். ஓட்டையைச் சுத்தம் செய்து, இனிமேல் பொட்டை இடுப்பில் கட்டுகிற தோல் உறைக்கு வையுங்கள் என்றார். பிறகு புதுத் தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது, பிரித்துத் திரும்ப அடைத்ததைத் தொடவே கூடாது, ஒரே பெட்டியில் சிலவற்றைச் சுட்டுப் பார்த்த பிறகே மிச்சத்தை நம்ப வேண்டும் என்றார்.

தோட்டாக்காரர் ஒரு தோட்டாவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். காதோரம் வைத்து ஆட்டினார்.

"என்னங்க பண்றீங்க?"

"முட்டை இப்பிடித்தானுங்க பாப்போம்."

"இதுக்குள்ள கரு தெரியாதுங்க!"

ஆனாலும் விடவில்லை. ஐம்பதையும் உருட்டி உருட்டிப் பார்த்து, விளிம்பு நசுங்கிய ஒன்றையும் பச்சைக் களிம்பு பிடித்த ஒன்றையும் ஒதுக்கினார். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டையும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். கோழிக்காரரோடு மல்லுக்கு நின்று பயனில்லை என்று தெரிந்துகொண்டார் போலும்.

தவணைக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கையில் மறுபடி தளம். காதுக்கு மூடி மாட்டிக்கொண்டோம். முதல் தோட்டா வெடித்தது. மலையடிவாரத்துக் காக்கை அத்தனையும் கிளம்பியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இலக்கு அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"குறி எங்கயுமே படலீங்களே" என்றார் பொறுப்பாளர்.

"இன்ஸ்பெக்டரு வெடிக்குமான்னுதானுங்க கேட்டாரு. படுமான்னா கேட்டாரு?"

பொறுப்பாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். தோட்டாக்காரர் தடுத்தார்.

"இருங்க, ஒண்ணு பாக்கி. கணக்கரே, பையனுக்கு ஃபோனப் போடுங்க."

போட்டேன். அவன் பேசுவது கேட்க வேண்டும் என்று இடது காது மூடியைத் தள்ளிவிட்டு ஃபோனை அங்கே வைத்தேன்.

"மாமா, அப்பா எங்க? பண்ணை பாக்க அந்தாளு நாளைக்கு வாராராம்..."

"ஃபோனை இப்பிடிக் காட்டுங்க" என்றார் அவர், இலக்கைப் பார்த்தபடியே. காட்டினேன். ஆறாவது தோட்டா வெடித்தது.

"ஐயோ, என்ன மாமா சத்தம் அது?"

ரிவால்வரைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டுத்தான் ஃபோனை வாங்கினார்.

"பண்ணை விக்கறதுக்கில்லைங்கற சத்தம் சாமி. அந்தாளுகிட்டச் சொல்லிரு. நீ தீபாவளிக்கு வா, நாட்டுக்கோழி அடிச்சுப் போடறேன்."

உரிமம் புதுப்பிக்கப்பட்டது. பண்ணை இருக்கிறது. அவரும் இருக்கிறார், ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி.

எனக்கு இடது காதில் ஒன்பது நாள் வண்டு ரீங்காரம். அஸ்தம்பட்டியில் காது டாக்டருக்கு அறுநூறு, சொட்டு மருந்து நூற்று நாற்பது, பஸ் போக வர ஐம்பத்தெட்டு. தெரிந்ததும் தோட்டாக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். என் ஆயுளில் யாரிடமும் ஒரு ரூபாய் விட்டுக்கொடுத்தவன் இல்லை நான். அவரிடம் வாங்க மட்டும் கை வரவில்லை, அந்த எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாயை.