மூணு ரூமும் நாப்பத்தி மூணு பேரும்

இராமையா கட்டிலைச் செவத்தோரமா தள்ளிட்டு, டேப்பை விரிச்சு ரூமை அளந்துக்கிட்டிருந்தாரு.

“இதுல எம்பது மூட்டை உருளைக்கிழங்கு புடிக்கும் மாப்ள,” ன்னாரு. “ஜன்னலுக்குக் கீழ லீக்ஸ் போட்டுக்கலாம். காத்து நல்லா வருது.”

“அது வெள்ளைக்காரங்களுக்காக வச்ச ஜன்னல் மச்சான்,” ன்னாரு அழகையா.

“எங்க அவங்க?”

எல்லங்கிற மலையூருல, ஸ்டேஷன்லருந்து மேல ஏறிப் போற ரோட்டுல, அழகையா மூணு ரூம் வச்சுக் கெஸ்ட் ஹவுஸ் தொறந்து ஒரு வருஷமாச்சு. பகல் ரயில்ல வெள்ளைக்காரங்க கூட்டமாத்தான் எறங்குறாங்க. எல்லாரு கையிலயும் கம்பியூட்டர்ல அடிச்ச ஒரு தாளு. அதைப் பாத்துக்கிட்டே அழகையா வாசலைத் தாண்டி, வளைவுக்கு மேல இருக்கிற இன்னொரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போயிருவாங்க. அந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் இருக்கு.

வீடு அழகையாவோட மாமனார் கட்டுனது. மாமனாருக்குப் பெறகு அவரு மகன் இராமையா சொல்றதுதான் சட்டம். இராமையா பண்டாரவளையில காய்கறி யாவாரி. அன்னைக்கு அவரு ஒரு கெடு வச்சாரு. தைப்பொங்கலுக்குள்ள மூணு ரூமும் ஒரு கெழமை, ஏழு நாளும் விடாம ஆளோட இருக்கணும். இல்லாட்டி உருளைக்கிழங்கு வரும். வெள்ளைக்காரனை மாதிரி அது சுடுதண்ணி கேக்காதுன்னும் சொல்லிட்டுப் போனாரு.

மறுநாளே அழகையா வெப்சைட் செய்ற ஆளைத் தேடிக் கெளம்பிட்டாரு.

மொதல்ல போனது பதுளைக்கு. அங்க கம்பியூட்டர் கிளாஸ் நடத்துற ஸுலைஹா டீச்சர் நல்லா செய்வாங்கன்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. ஆனா அந்தம்மா ஒரு கொப்பியை விரிச்சு வச்சுக்கிட்டுக் கேள்வியா கேட்டாங்க. யாரு வரணும்னு நெனைக்கிறீங்க? பக்கத்தைத் தொறந்ததும் மொதல்ல என்ன தெரியணும்? மெயில் வந்தா யாரு பதில் போடுவீங்க? பக்கம் எத்தனாம் தேதி இன்டர்நெட்டுல ஏறணும்?

அழகையாவுக்கு அது புடிக்கல. பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளையை நிக்க வச்சுக் கணக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சாம். யோசிச்சுச் சொல்றேன்னு எந்திரிச்சு வந்துட்டாரு.

அடுத்தது பண்டாரவளை இந்திரஜித். கல்யாண கார்டு, சடங்கு கார்டு, வெப்சைட் மூணும் செய்யப்படும்னு வாசல்ல போர்டு தொங்குச்சு. முன்னால அவன் அக்கா சிவானுஜா உக்காந்து கார்டு மடிச்சுக்கிட்டிருந்துச்சு. உள்ள கம்பியூட்டருக்கு முன்னால இந்திரஜித்.

இங்க கேள்வி கேட்டது அழகையாதான். தம்பிக்கு எந்தத் தோட்டம், அப்பா யாரு, அம்மா பொறந்த ஊரு எது, என்ன நட்சத்திரம், தண்ணி கிண்ணி போடுற பழக்கம் உண்டா. அம்மா பசறைன்னதும், அங்க நமக்கு ஒரு சொந்தம் இருக்கேன்னு மொகம் மலர்ந்துருச்சு.

“வெப்சைட் நல்லா செய்வீங்களா தம்பி?”

“செஞ்சிரலாம்ணே.”

“சீக்கிரம் வேணும்.”

“செஞ்சிரலாம்ணே.”

இதைவிட என்ன வேணும்? வெத்தலை பாக்கோட வேலையைக் குடுத்துட்டு வந்தாரு.

மூணாம் நாள் பக்கம் ரெடி. அழகையா பொஞ்சாதி அன்னலட்சுமியைக் கூட்டிக்கிட்டுப் போய் கம்பியூட்டர்ல பாத்தாரு. வீட்டுப் படம், மூணு வரி இங்கிலீஷ், போன் நம்பர். டீவியில தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி, இந்தப் பொட்டியில தெரிஞ்சா ஒலகத்துக்கே தெரியும்ங்கிறது அழகையாவோட கணக்கு.

அன்னலட்சுமி ரொம்ப நேரம் பாத்துச்சு.

“வீடு இருக்கு. வீட்டு ஆளுங்க பேரு எங்க?”

அழகையா பூனாகலைத் தோட்டத்து ஆபீஸுல பதினெட்டு வருஷம் வேலைக்கு வந்தவங்களுக்குப் பேர் போட்ட மனுசன். ஒரு பேரு விட்டுப்போனா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டாரு.

“பேரும் போட்டுக் குடும்பப் படமும் போட்டுரலாம்ணே,” ன்னான் இந்திரஜித். கார்டு அடிக்கிறவனுக்கு அது கைவந்த வேலை.

மறுநாள் கேமராவோட பஸ் ஏறி வந்தான். வந்து சேர பகலாயிருச்சு. குடும்பமே பட்டுக் கட்டி, பூ வச்சு, ரோட்டைப் பாத்து வாசப்படியில வரிசையா நின்னுச்சு. குத்துவெளக்கு இல்லாம என்ன படம்னு அன்னலட்சுமி அதையும் தூக்கிட்டு வந்து ஏத்தி வச்சுச்சு.

அன்னைக்கே ரெண்டு வெள்ளைக்காரங்க உள்ள வந்து ரூம் கேட்டாங்க.

அழகையா “வெப்சைட்?” ன்னு விரலால காத்துல ஒரு சதுரம் வரைஞ்சு கேட்டாரு. அவங்க சிரிச்சுத் தலையாட்டுனாங்க. சாப்பாட்டுக்குப் பாவக்கா போடவான்னப்பயும் அவங்க அப்படித்தான் தலையாட்டுனாங்க. அழகையா அதை யோசிக்கல. கடைக்கு ஓடிப் போய் இந்திரஜித்துக்குப் போன் போட்டாரு. “தம்பி, உங்க வேலை உடனே புடிச்சிருச்சு.”

“அப்ப பேரெல்லாம் முடிஞ்சிருச்சாண்ணே?”

முடியல. ஹாலிஎலயில இருக்கிற சித்தப்பா எப்படியோ கேள்விப்பட்டு வந்து வாசல்லயே நின்னாரு. “என் பேரு இல்லாத வெப்சைட்டு உள்ள வீட்டுல எனக்குத் தேத்தண்ணி வேணாம்” ன்னுட்டாரு. அவரைச் சமாதானப்படுத்தப் பேரைச் சேத்து மறுபடியும் படம். சித்தப்பா சும்மா நிக்கிறவர் இல்ல, கோயில் தவிலையும் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தாரு. படம் புடிக்கிற வரைக்கும் வாசிச்சாரு. புடிச்ச பெறகும் வாசிச்சாரு. அன்னைக்கு ரெண்டாவது ரூமும் போச்சு.

சித்தப்பா பேரு ஏறுனதும் மத்தவங்க விடுவாங்களா? பெரியாயி அத்தை பூனாகலையிலருந்து அழுதுக்கிட்டே வந்துச்சு. உசுரோட இருக்கிறவன் பேரையெல்லாம் போட்டுட்டு, செத்துப்போன எம்புருசன் பேரை விட்டுட்டீங்களேன்னு. கல்யாண கார்டுல போடுற மாதிரி மாமா பேருக்கு முன்னால அமரர்னு போட்டாங்க. படத்துலயும் அவரு இருக்கணும்னு, மாலை போட்ட போட்டோவை அத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடுவுல நின்னுச்சு. ரெண்டு வெள்ளைக்காரப் பொம்பளைங்க அத்தைக்குப் பக்கத்துல வந்து கும்புட்டு நின்னாங்க. மூணாவது ரூம் அவங்களுக்கு.

ரூமெல்லாம் நெறைஞ்சா அழகையா சந்தோசமாத்தானே இருக்கணும்? தூங்குறதுக்கு எடமில்ல. படத்துக்கு வந்த சொந்தக்காரங்க யாரும் ஊருக்குப் போகல. அடுத்த படத்துல எங்க நிக்கிறதுன்னு சண்டை முடியாததால குசினியில, வெறகுக் கொட்டாயில, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துலன்னு படுத்துக் கெடந்தாங்க. யாரு பேரு மேல, யாரு பேரு கீழன்னு ரெண்டு சித்தி பேசிக்கிறதே இல்ல. இந்திரஜித் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். போறப்ப எல்லாம் அதையே கேட்டான்.

“பேரு முடிஞ்சிருச்சாண்ணே?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு தம்பி.”

பட்டியல் நாப்பத்தி ரெண்டுல வந்து நின்னுச்சு. மூணு ரூமும் நெறைஞ்சு ஆறு நாளாச்சு. ஒருநாள் போனா கெடு ஜெயிச்சிரும். அன்னைக்குக் காலையில எல்லா வெள்ளைக்காரங்களும் மூட்டையைக் கட்டிக்கிட்டு அறுகம்பைக் கடற்கரைக்குப் போயிட்டாங்க. அதே நேரம் இராமையா லொறியோட வந்து எறங்குனாரு. லொறியில உருளைக்கிழங்கு.

“கெழமை முடியலையே மச்சான்,” ன்னாரு அழகையா.

“முடியலைதான். ரூமுல ஆளும் இல்லை. அது கெடக்கட்டும். நாப்பத்தி ரெண்டு பேரு போட்டீங்களாமே மாப்ள. வீடு எங்கப்பா கட்டுனது. எம்பேரு எங்க?”

அழகையாவுக்கு அப்பதான் ஒறைச்சுச்சு. வீட்டைக் கட்டிக் குடுத்தவரோட மகனையே விட்டாச்சு.

அன்னலட்சுமிதான் காப்பாத்துச்சு. “அண்ணே, உங்க பேரைக் கடைசியா தனியா, எல்லாருக்கும் மேல, பெரிய எழுத்துல போடலாம்னு வச்சிருக்கோம்” னுச்சு. இந்திரஜித்துக்குப் போன் போயிருச்சு. இராமையாவைக் குளிக்க வச்சு, பட்டு வேட்டி கட்டி, தலைப்பா வச்சு, வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. சுத்தி நாப்பத்தி ரெண்டு பேரு. தவிலு. குத்துவெளக்கு. அமரரு. பின்னால உருளைக்கிழங்கு லொறி, அதுக்கும் ஒரு மாலை.

பகல் ரயில் வந்து கொஞ்ச நேரத்துல ஏழு வெள்ளைக்காரங்க வாசல்ல நின்னாங்க. மூணு ரூமுல அடங்காம ஒருத்தன் வராந்தாவுல படுத்தான். அவங்க நாலு நாள் இருந்தாங்க.

கெடு ஜெயிச்சாச்சு. இராமையா அன்னைக்கே டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. லொறியைத் திருப்பச் சொல்லிட்டு, மெதுவா பக்கத்துல வந்தாரு.

“மாப்ள, காய்கறிக்கும் இந்த வெப்சைட்டு செய்ய முடியுமா?”

ஒரு வருஷத்துல மொத தடவையா மச்சான் தன்கிட்ட ஒண்ணு கேக்குறாரு. அழகையா அடுத்த நாளே அவரைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பண்டாரவளை வரைக்கும் பஸ்ஸுல அழகையாவுக்கு வாய் மூடல. வெப்சைட் செய்ற ஆளைப் புடிக்கிறது சும்மா இல்ல, குடும்பத்தைப் பாக்கணும். நம்மகிட்ட கேள்வி கேக்குறவன் ஆகாது, அவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம். எதுக்கும் செஞ்சிரலாம்னு சொல்லணும். கூப்பிட்டப்ப கேமராவோட வரணும். இராமையா எல்லாத்துக்கும் ஆமாங்க மாப்ளன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. முன் சீட்டுக்காரர் திரும்பி, இந்திரஜித்தோட அட்ரஸை எழுதி வாங்கிக்கிட்டாரு.

கடையில இந்திரஜித் இல்ல, கார்டு குடுக்கப் போயிருந்தான். சிவானுஜா மடிச்சுக்கிட்டிருந்த கார்டைக் கீழ வச்சுட்டு நாற்காலி போட்டுச்சு.

“மச்சானுக்கும் நம்மளது மாதிரியே ஒண்ணு வேணும்மா,” ன்னாரு அழகையா. “அதுக்கு முன்னால, நம்ம வெப்சைட்டை எத்தனை நாட்டுக்காரங்க பாத்திருக்காங்கன்னு அதுலயே கணக்கு வருமாமே. அதைக் கொஞ்சம் மச்சான் காதுல விழுற மாதிரி சொல்லும்மா.”

“நாட்டுக்காரங்களா? அதை இன்னும் இன்டர்நெட்டுல ஏத்தவே இல்லையேண்ணே,” ன்னுச்சு சிவானுஜா, “பேரெல்லாம் முடியட்டும்னு தம்பி இந்தக் கம்பியூட்டர்லயேதான் வச்சிருக்கான்.”