தேவாவின் டின்னில் என் கரண்டி

வயதானால் பொறாமை அடங்கிவிடும் என்று சொல்பவர்களுக்கு மைத்துனன் கிடையாது என்று அர்த்தம். எனக்கு இருக்கிறான்: என் மனைவி கோமதியின் தம்பி தேவா. பிறவியிலேயே கால்கள் இயங்காது, சக்கர நாற்காலிதான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பளுதூக்கும் போட்டியில் பலகையில் படுத்தபடி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்காக இரும்பு தூக்குகிறவன். தோள் இரண்டும் செம்பனைக் குலை. (என் தோள்? சட்டை மாட்டும் கம்பி.)

தெப்ராவில் எங்கள் வீட்டில் தங்கித்தான் பயிற்சிக்குப் போய்வந்தான். ஊறுகாய் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டால், பக்கத்திலேயே நிற்கும் என்னைத் தாண்டிப் போய் கோமதி அவனிடம் நீட்டுவாள்.

"குடு, நான் திறக்கிறேன்."

"வேணாங்க, உங்களுக்கு மூச்சு வாங்கும்."

பயிற்சியாளர் சொன்ன அளவில், தேவா தினமும் ஒரு டின்னிலிருந்து வெள்ளைப் பவுடரைக் கரைத்துக் குடிப்பான். கிரியேட்டின். ஓ, சங்கதி இதுதானா என்று முடிவுகட்டினேன். அவன் குளிக்கப் போகும்போதெல்லாம் சாப்பாட்டுக் கரண்டியால் குவித்து அள்ளி என் தே தாரிக் டீயில் கலக்கிக்கொண்டேன். உடற்பயிற்சியா? அதற்கு அவன் இருக்கிறானே.

சில வாரங்களில் எடை ஏறியது. தசை என்று கண்ணாடி முன் பூரித்தேன். (வெறும் தண்ணீராம். பிறகு தெரிந்தது.)

அப்புறம் வேலையிடத்து ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் சிறுநீரகக் கழிவின் அளவு ஏறியிருப்பதாக வந்தது. கோமதியோடு கிளினிக்குக்கு ஓடினேன்.

"பவுடர், மருந்து ஏதாச்சும் எடுக்குறீங்களா?" என்றார் டாக்டர்.

கோமதி என்னையே பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து, நான் போனபிறகு மாலை போடும் படத்துக்குப் பல் தெரியாத போட்டோவாகப் பார்க்கும்படி கோமதியிடம் சொன்னேன். கோமதி அழுதாள். தேவா நாற்காலியை அருகில் உருட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, என் கிட்னில ஒண்ணு எடுத்துக்குங்க. நாளைக்கே டெஸ்ட் பண்ணலாம். போட்டிக்கு வரலன்னு கோச்கிட்ட சொல்லிடுறேன்."

அந்த வாரக் கடைசியில்தான் தேசிய அணிக்கான தேர்வு. வருடம் முழுக்க அதற்காகவே தூக்கினான். எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, எரிச்சல். நான் சாகும்போதும் நல்ல பேர் இவனுக்குத்தானா?

அவன் போனைத் தட்டத் தொடங்கியதும் அவன் கையைப் பிடித்தேன்.

"வேணாம் மச்சான். உன் டின்லேருந்து நான் கொஞ்சம்..."

"கொஞ்சமா? பாதி டின்தான் இருக்குன்னு கடைக்காரனோட சண்டை போட்டேன் மாமா." தன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அலமாக். அது வெயிட் தூக்குறவங்களுக்குக் கொஞ்சம் தெம்பு குடுக்கும், அவ்ளோதான். நீங்க என்னத்த தூக்குனீங்க, டிவி ரிமோட்டையா?"

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்காக ஆற்றிவைத்த கஞ்சியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் பவுடரே அளவை ஏற்றிக் காட்டலாம், நிறுத்திப் பார்ப்போம் என்றார். நிறுத்தியதும் இறங்கியது. தேவாவும் அணியில் இடம்பிடித்தான்.

இப்போதும் போட்டிக்குக் கூடப்போனால், அவன் தன் குழுவிடம் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறான்: "இவரு என் மாமா. என் கிட்னிய புக் பண்ணி வச்சிருக்காரு."

உடனே சக்கர நாற்காலிகளில் இருக்கும் அத்தனை பேரும் பதறுகிறார்கள். "அங்கிள், நிக்காதீங்க லா, உக்காருங்க."