கேசரிக்குக் காவல்

கைப்பேசி அலறியபோது வெங்கடலட்சுமி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்த அலறல். கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள்.

இருநூற்று எண்பத்தாறு. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

“மேக்னா! அப்பாவுக்கு இருநூத்தி எம்பத்தாறுடி!”

வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கும் மகள், ஹெட்போனைக் கழற்றாமலே அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மீட்டிங்ல இருக்கேன்மா. அப்பாகிட்டயே கேளு.”

அப்பா அரங்கசாமி அப்போது பொள்ளாச்சியைத் தாண்டி, உடுமலை சாலையில், பச்சை வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு கூட்டத்தோடு பழனிக்கு நடந்துகொண்டிருந்தார். பம்புசெட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன ஆடியில் குளியலறைக்குள் மயங்கி விழுந்தார். கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தைப்பூசத்துக்கு நடந்து வாரேன்னு வேண்டிக்கிட்டேன்.”

அந்தக் கதவு இன்னும் சரியாகச் சாத்துவதில்லை. ஒவ்வொரு முறை அது கிறீச்சிடும்போதும் வெங்கடலட்சுமி வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

ஒரே ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பி வைத்தாள். சென்சார். மேல்கையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது சர்க்கரை அளவைப் பக்கத்தில் இருக்கும் அவருடைய கைப்பேசிக்குச் சொல்லும். அது கோவையில் இருக்கிற இவளுடைய கைப்பேசிக்குச் சொல்லும். முதல் இரண்டு நாளும் நூற்றைம்பது, நூற்று எழுபது என்று நல்லபடியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏறினாலும் இவள் போன் செய்து விசாரணை வைத்துவிடுவாள். இன்று காலை பொள்ளாச்சியில் குளிக்கும்போது துண்டு பட்டு சென்சார் பிய்ந்துவிட்டதாகவும், கூட வைத்திருந்த இன்னொன்றை ஒட்டிக்கொண்டதாகவும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த இருநூற்று எண்பத்தாறு.

“ஏனுங்க, காத்தால என்ன தின்னீங்க?”

“ரெண்டு இட்லி.”

“முருகன் மேல சத்தியமாச் சொல்லுங்க.”

“அவரைப் பாக்கத்தான் போயிட்டிருக்கேன். நேர்லயே சொல்லிக்கிறேன்.”

“நக்கலுக்கு மட்டும் குறைச்சலில்லை. இருநூத்தி எம்பத்தாறு காட்டுது!”

“அது எப்பிடி வரும்?” என்றார் அரங்கசாமி, திகைத்துப் போன குரலில்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்! வேகமா நடங்க. நடந்தா இறங்கும்.”

வேகமாக நடந்தார்கள் போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் முந்நூற்றுப் பத்து ஆனது.

இனி இந்த மனிதரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவருடன் நடந்துகொண்டிருந்த சென்னகேசவனை அழைத்தாள். அவளுடைய பெரியப்பா மகன். கோவை டவுன்ஹாலில் ஹார்டுவேர் கடை. ஐம்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிப் படியே ஏறியதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை.

“ஏனுங்ண்ணா, அவருக்குச் சர்க்கரை தாறுமாறா ஏறுதுங்ண்ணா.”

“கோயமுத்தூர்ல இருக்கற உனக்கெப்பிடி அம்மணி தெரியும்?”

“போன்லயே காட்டுதுங்ண்ணா.”

“அடேங்கப்பா! போன்ல சர்க்கரை வரைக்கும் வந்துபோச்சா? நீ வெசனப்படாதே. நான் என்ன பண்ணோணும், அதைச் சொல்லு.”

“வழியில யாரு எந்த இனிப்பைக் குடுத்தாலும் அவர் வாயில படக்கூடாது.”

“பிரசாதமாச்சே அம்மணி. வேண்டாம்னு சொல்லப்படாது, கீழேயும் போடப்படாது.”

வெங்கடலட்சுமி ஒரு கணம்தான் யோசித்தாள். “அப்ப அவரு பங்கையும் நீங்களே தின்னுபோடுங்க.”

“அதுக்கென்ன, தின்னுபோட்டாப் போச்சு!”

தைப்பூசச் சாலையில் பத்தடிக்கு ஒரு பந்தல். சென்னகேசவன் கடமை தவறாதவர். பந்தலுக்குப் பந்தல் தகவல் சொன்னார்.

“மாப்பிள்ளையோட பானகத்தைப் புடுங்கிக் குடிச்சுபோட்டேன் அம்மணி.”

முந்நூற்று இருபத்தெட்டு.

“கேசரி ரெண்டு தொன்னை. ரெண்டும் என்ற வயித்துக்குள்ள.”

முந்நூற்று நாற்பத்தைந்து.

“கடலை மிட்டாயும் ஆச்சு. மாப்பிள்ளை பக்கத்துல நின்னுக்கிட்டு ‘திங்காதே கேசவா, திங்காதே கேசவா’ன்னு கையைப் புடிச்சு இழுக்கறாரு. பாவம், அவ்வளவு ஆசை!”

“விடாதீங்ண்ணா!” என்றாள் வெங்கடலட்சுமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

முந்நூற்று அறுபத்திரண்டு.

இத்தனை காவலையும் மீறி மனிதர் எங்கே, எப்போது, எதைத் தின்கிறார்? மதியம் ஒரு மணிக்குத் திடீரென்று எண்ணே மறைந்துபோய், ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது. அவ்வளவுதான், அவள் மனக்கண்ணில் அரங்கசாமி ஏதோ ஒரு தென்னந்தோப்பு ஓரம் குப்புறக் கிடந்தார். மறுபடி அழைத்தாள்.

“ஏனுங்ண்ணா, அவரெங்கே?”

“நான் இப்பிடித் தோப்போரமா ஒதுங்க வந்தேன் அம்மணி. மாப்பிள்ளை ரோட்டுல நிக்கறாரு. வெயிலுக்கு ஒரே தாகம், தண்ணி குடிச்சுக் குடிச்சு இதே வேலையாப் போச்சு. இதா, போயிட்டேன்.”

ஒரு நிமிடத்தில் எண் திரும்பி வந்தது. முந்நூற்று எழுபது.

“அண்ணா, மத்தியானச் சோறு வேண்டாம் அவருக்கு. ஒரு பருக்கை கூட.”

“அரிசிம்பருப்பு போட்டு நெய் ஊத்தறாங்க அம்மணி, மணக்குது…”

“வேண்டாமுங்ண்ணா! சர்க்கரை முந்நூத்தி எழுவதுங்க!”

பந்தலில் இலை போட்டவர்கள், பரிமாறியவர்கள், கூட வந்த பத்துப் பதினைந்து பேர் எல்லோருக்கும் சென்னகேசவன் சொல்லிவிட்டார். அரங்கசாமி உட்கார்ந்த இடத்தில் இலை விழவில்லை. இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“லட்சுமி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டியே?”

“என்ன தின்னீங்க?”

“ஒண்ணுமே திங்கலைம்மா. காத்தால மாத்திரை போட்டது, வயிறு காலி. அந்த சென்சாரு இருக்குதே…”

“சென்சார் மேல பழி போடாதீங்க! கட்டின பொண்டாட்டி இங்க உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அங்க நீங்க…” குரல் உடைந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, தெருமுனையில் வாடகைக் கார் ஓட்டும் முஜீபை அழைத்தாள். “தம்பி, உடுமலை ரோட்டுக்கு உடனே போகோணும். உங்க மாமா உசுரு விசயம்.”

முஜீப் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டான். கிணத்துக்கடவு தாண்டும்போது முந்நூற்று எழுபத்தொன்பது. பொள்ளாச்சி நெரிசலில் முந்நூற்று எண்பத்தெட்டு. வழியெல்லாம் பச்சை வேட்டிகள். விழுந்து கிடப்பவர் யாராவது தெரிகிறாரா என்று ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். இளைப்பாறப் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளுக்கு அரங்கசாமியாகவே தெரிந்தார்கள். இரண்டு இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, யாரோ இருவரைப் புரட்டிப் பார்த்துத் திட்டும் வாங்கினாள்.

போன் அடித்தது. சென்னகேசவன். இப்போது அவர் குரலிலும் தைரியம் இல்லை.

“அம்மணி, மாப்பிள்ளைக்குக் கை கிடுகிடுன்னு நடுங்குது. சட்டை தொப்பலா நனைஞ்சுபோச்சு. கூப்பிட்டா என்னமோ உளர்றாரு. நாட்டுச்சர்க்கரை குடுங்கன்னு கேக்கறாரு. இங்க ஒருத்தர் வெச்சிருக்கறாரு. குடுக்கட்டுமா?”

“ஐயோ, குடுக்காதீங்ண்ணா! முந்நூத்தித் தொண்ணூறு!”

முஜீப் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “அக்கா, நடுக்கமும் வேர்வையும் வந்தா சர்க்கரை இறங்கிப்போச்சுன்னு அர்த்தமுங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு தடவை அப்பிடித்தான் வந்துச்சு. உடனே இனிப்பு குடுக்கோணும்.”

“ஏறுதுன்னு மெஷின் சொல்லுதே தம்பி.”

“வேர்க்கறது மெஷினுக்கா, மாமாவுக்குங்களா?”

கையில் இருக்கும் எண் ஒன்று சொல்கிறது. அங்கே உடம்பு வேறு ஒன்று சொல்கிறது. கொடுக்கச் சொன்னால் செத்துப்போவாரா? கொடுக்காவிட்டால் செத்துப்போவாரா? இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரை இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

“அண்ணா, பக்கத்துல வைத்திய முகாம் ஏதாச்சும் இருக்குதா?”

“கோமங்கலத்துக்கிட்ட ஒரு கொட்டாய் தெரியுது அம்மணி.”

“தூக்கிட்டுப் போங்க! நான் வந்துட்டேன்!”

“சரி. அந்த நாட்டுச்சர்க்கரை மாப்பிள்ளை கைக்கு எட்டப்படாதுன்னு நானே வாயில போட்டுக்கிட்டேன்.”

கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கினாள் வெங்கடலட்சுமி. செருப்பு ஒன்று காரிலேயே நின்றுவிட்டது. கொட்டகைக்குள் கட்டிலில் அரங்கசாமி வெளுத்துப்போய்க் கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது. தலைமாட்டில் சென்னகேசவன், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தபடி, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

“சிஸ்டர், காப்பாத்துங்க! முந்நூத்தித் தொண்ணூத்தி நாலு!”

ரிஃபத் என்ற அந்த நர்சுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் பதில் சொல்லாமல் அரங்கசாமியின் விரலைத் துடைத்துக் குத்தினாள். சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள். கருவி ஐந்து விநாடி யோசித்தது.

“ஐம்பத்து நாலு,” என்றாள். “யாருங்க இவரைப் பட்டினி போட்டது?”

நர்ஸ் குளுக்கோஸ் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினாள். ஒரு டம்ளர். பத்து நிமிடம் கழித்து இன்னும் பாதி. அரங்கசாமியின் நடுக்கம் மெல்ல அடங்கியது. கண்ணைத் திறந்தார். எதிரில் மனைவியைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டார்.

“இன்னும் அரை மணி இப்பிடியே விட்டிருந்தா நினைவு தப்பியிருக்குமுங்க,” என்றாள் நர்ஸ்.

“நானேதான் கொல்லப் பாத்தேன் சிஸ்டர்,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் வெங்கடலட்சுமி. “நானேதான் சோத்தை நிறுத்தினேன். இந்தப் பாவி மெஷின் சொன்னதைக் கேட்டு! பாருங்க, இப்பவும் முந்நூத்தித் தொண்ணூத்தி நாலுங்குது!”

நர்ஸ் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. “கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும். ஆனா இவ்வளவு வித்தியாசம் காட்டாதுங்களே. சென்சார் எங்கே ஒட்டியிருக்குது?”

“மேல்கையில.”

இடது கைச் சட்டையைச் சுருட்டினாள். சந்தனம்தான் இருந்தது. வலது கையைச் சுருட்டினாள். அங்கே சந்தனம்கூட இல்லை.

“ஏனுங்க, சென்சார் எங்கே?” என்றாள் வெங்கடலட்சுமி.

அரங்கசாமி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் இமைகள் துடித்தன.

பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்த சென்னகேசவன், வாயைத் துடைத்துக்கொண்டு தன் சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

“சட்டைப் பொத்தான் மாதிரி இருக்குமுங்களா சிஸ்டர்? கால்வலி வராதுன்னு சொல்லி, மாப்பிள்ளை காத்தால என்ற கையில ஒண்ணு ஒட்டிவுட்டாருங்களே!”