உறுமலைத் தொலைத்த ஆம்ப்ளிபயர்

மாதா துணை

விழுப்புரம்
2-9-86

திண்டிவனம் மச்சான் இருதயராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை வீட்டுக்காரர் மைக்செட் ராயப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, மகள் சவுரியம்மாள் மூவரும் சுகம். நீங்கள் குயிலாப்பாளையத்து வெள்ளைக்காரரிடம் வாங்கிக் கொடுத்த கிட்டார் ஆம்ப்ளிபயர் மட்டும் சுகமில்லை. வைத்தியம் பார்த்தது நான். மேற்கொண்டு உட்கார்ந்து படிக்கவும்.

உங்க ஊர்த் திருவிழாவில் உங்கள் மெல்லிசைக் குழுவோடு சவுரி மேடையேறணும்னு நீங்க சொன்னதிலிருந்து, அவ காலேஜ் விட்டு வந்ததும் அந்தப் பெட்டி முன்னால உக்காந்துக்கினு வாசிப்பா. சத்தம்னா, ரோட்ல தகரத்தை இழுத்துக்கினு போற மாதிரி ஒரே கிழிசல். கல்யாணம், காதுகுத்து, எலெக்ஷன்னு ஊரெல்லாம் குழாய் கட்டுறவன் நான். குரல் கொஞ்சம் கிழிஞ்சாலே பந்தியில சாப்பிடறவன் எச்சக் கையோட வந்து திட்டுவான். என் வீட்டுலயே கிழிஞ்சா எனக்கு எப்படி இருக்கும்? பின்பக்கம் கழட்டிப் பாத்தேன். கடைசியில ரெண்டு பெரிய வால்வு, பழைய ரேடியோவுல எரியுமே அந்தக் கண்ணாடிக் குழல், சீமைச் சரக்கு. இதுங்களுக்கு வயசாயிடுச்சுன்னு நானே தீர்ப்பு சொல்லி, அவ இல்லாத நேரமா பாத்து என் மைக்செட்டு வால்வு ரெண்டை அதுல போட்டேன். எட்டு காலும் பொருந்துதே தவிர உள்ளே ஒயர் வேற. ஒண்ணாம் காலையும் எட்டாம் காலையும் சேத்து ஈயத்தால பத்தவெச்சு, ரெசிஸ்டர் மாத்தி, நடுவுல ஷாக் அடிச்சு சுவத்துல போய் ஒட்டிக்கினு, ஒருவழியா முடிச்சேன். இந்த வால்வு கரண்ட் நிறைய குடிக்கும்னு வீட்டு ஸ்டெபிலைசரையும் அதுக்கே கொடுத்தேன். கழட்டின வால்வை பத்திரமா முறத்துல வெச்சேன். உங்க தங்கச்சி மல்லாட்டைத் தோல் புடைக்க அந்த முறத்தை எடுத்தாங்க. அதுக்கு மேல நான் எழுத வேண்டியதில்லை.

ஆனா சத்தம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு மச்சான். “ஹலோ, ஹலோ” சொல்லிப் பாத்து எனக்கே கண் கலங்கிச்சு. சவுரி வந்து, ஒரே ஒரு தடவை கம்பியைத் தட்டினா.

“அப்பா, உறுமல் எங்கே?”

“அதைத்தாம்மா சரி பண்ணிட்டேன்.”

“ஐயோ, அந்த உறுமலுக்குத்தானே மாமா என்னைச் சேத்தாரு! முதல் பாட்டே அதை நம்பித்தான் இருக்கு. இதுல வாசிச்சா, பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரவும்னு கூப்பிடற மாதிரி இருக்கு.”

“எவனாவது கிழிசலை ஆசைப்பட்டுக் கேப்பானா?”

“உலகமே கேக்குது. நீதான் தெச்சுக் குடுத்துட்டே.”

அதோட பேச்சை நிறுத்திட்டா. கிட்டாரைப் போர்வையில சுத்தி வெச்சுட்டா; திருவிழாவுக்கு வரமாட்டேன்னு உங்க தங்கச்சி மூலமா எனக்குத் தகவல் வந்தது.

ஆகவே மச்சான், அந்த முதல் பாட்டை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கு மெதுவான பாட்டாக ஒன்றிரண்டு கொடுங்கள், பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள்; கெடுத்த கை என்னுடையது, அவள் கை நல்ல கை. ஜெனரேட்டர் கட்டாயம் ஏற்பாடு செய்யவும். திண்டிவனத்து சாயங்காலக் கரண்டை நம்பி என் வால்வுகளை அனுப்ப எனக்கு மனசு வராது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் குழுவையும், முடிந்தால் என்னையும் காப்பாராக.

இப்படிக்கு,
தொட்டதைத் துலங்க வைத்த
ராயப்பன்

பி.கு.: கவரை ஒட்டப் போனேன். உங்க தங்கச்சி டிவிக்கு வேணும்னு ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக்கினு போயிட்டாங்க. அந்த நேரம் பாத்து பக்கத்துக் கழனியில எல்லாரும் பம்புசெட்டு போட, பல்பு பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்துடுச்சு. சவுரி என் மேல இருந்த கோவத்துல போர்வையைப் பிரிச்சு கம்பியில ஒரு அடி அடிச்சா பாருங்க, கரண்ட் பத்தாம பெட்டி உறுமிச்சு! பழைய உறுமல் இதுக்கு முன்னால பூனைக்குட்டி. “அப்பா, தொடாதே! எதையும் தொடாதே!”ன்னு கத்தினா. ரெண்டு நாளைக்கு அப்புறம் என்கிட்ட பேசின முதல் பேச்சு. எனவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. முதல் பாட்டு அவளுக்கே. ஜெனரேட்டரே வேணாம்; கோயில் தெருவில் எந்தக் கம்பத்துல கரண்ட் ரொம்ப மோசம்னு லைன்மேனைக் கேட்டு, மேடையை அங்கே போடுங்க. நான் ஸ்க்ரூ டிரைவர் இல்லாம வர்றேன். பஸ் ஏறும்போது பையைச் சோதிப்பேன்னு சொல்லியிருக்கா.