மூணு கிலோ அண்ணனின் டிரிக்கர்

தன் வாழ்நாளில் ஒரு தவறுகூடச் செய்யாத மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவின் பத்து பாகாட்டில் என் அடுத்த வீட்டில்தான் பதினோரு வருடம் குடியிருந்தார். கார் தூணில் இடித்தால் பிரேக் சரியில்லை. சோறு குழைந்தால் குக்கர் சரியில்லை. மகன் கல்யாணப் படத்தில் அவர் கண் மூடியிருந்தால் கேமரா சரியில்லை. இத்தனை சரியில்லாத பொருள்களுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் தன்னந்தனியாகச் சரியாக வாழ்ந்துகொண்டிருந்தார், பாவம்.

அவர் பார்த்த வேலை அப்படி. துணி ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம். பிறர் தைத்த சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை கண்டுபிடித்ததற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற அன்று சட்டைகளை ஆலையிலேயே விட்டுவிட்டு, குறை காணும் கண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே அவருக்கும் எங்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கொஞ்சம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நிலம் இருந்தது. என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில் வந்து தூங்கிவிட்டுப் போவார். ஆகவே பழைய மரங்களைத் தள்ளிவிட்டு எண்பது இளங்கன்றுகளை நட்டது நான்தான். குழி வெட்டி, உரம் போட்டு, தண்ணீர் சுமந்து, இடுப்பு ஒடிந்து நட்டேன். காட்டுப்பன்றிக்கு இளங்குருத்து என்றால் உயிர். மாதத்துக்கு ஒரு கன்று, இரண்டு கன்று என்று பிடுங்கித் தின்றுவிட்டுப் போயின. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உரிமம் வாங்கிய துப்பாக்கி வைத்திருந்தவர் நான் அண்ணன் என்று கூப்பிடும் அந்த அடுத்த வீட்டுக்காரர் ஒருவர்தான். என் கன்றுகளின் தலையெழுத்து அவர் கையில் இருந்தது.

துப்பாக்கி ஒற்றைக் குழல். நடுவில் மடக்கி ஒரு தோட்டா போட வேண்டும்; ஒரு தடவை சுடலாம். அது தவறினால் மறுபடி மடக்கி, மறுபடி போட்டு, மறுபடி குறி பார்ப்பதற்குள் பன்றி எங்கேயோ இருக்கும் பொந்தியான் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். அண்ணன் அதைக் கொண்டு இரண்டு வருடத்தில் சாதித்தவை: ஒரு பப்பாளி, ஒரு வாழைத்தார், வேலியில் காயப்போட்டிருந்த அவருடைய மழைக்கோட்டு.

ஒவ்வொரு வேட்டைக்கும் முதல் நாள் எங்கள் தெருவான லோரோங்கின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்: 'நாளை காட்டுப்பன்னி பெரட்டல். பாத்திரம் கொண்டு வரவும்.' அவர் மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், மசாலா அரைத்து வைப்பார். மறுநாள் அந்த மசாலாவில் கோழி வேகும்.

"நம்ம வீட்டு பன்னி மசாலா இன்னும் பன்னி மூஞ்சியவே பாத்ததில்லம்மா," என்பார் அண்ணி.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, எண்பதுல அறுபத்தொண்ணுதான் மிச்சம் இருக்கு. எப்பதான் ஒண்ணயாவது அடிப்பீங்க?"

"என்னைய ஏன் கேக்குற தங்கச்சி? டிரிக்கரக் கேளு. கல்லு மாதிரி இருக்கு. அத இழுக்குறதுக்குள்ள குழலு வலப்பக்கம் திரும்பிருது. பன்னி இடப்பக்கம் நிக்குது. நான் என்னலா பண்றது?"

"பன்னிய வலப்பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க," என்று அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

அண்ணன் சும்மா குறை சொல்கிறவர் அல்ல. ஆதாரத்தோடு குறை சொல்கிறவர். மீன்காரரிடம் டாச்சிங் இரவல் வாங்கி வந்தார். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. தோட்டா இல்லாத துப்பாக்கியை மேசையில் கட்டிப்போட்டு, டிரிக்கரில் கொக்கியை மாட்டி, அண்ணி, நான், எதிர்வீட்டுக்காரர் மூவரையும் சாட்சிக்கு நிறுத்தி இழுத்தார். டிக் என்று சத்தம் வந்தபோது முள் மூன்று கிலோவில் நின்றது. துப்பாக்கியில் ஒரு வாரம் கெம்போங் மீன் வாடை அடித்தது.

"மூணு கிலோ! பாத்தீங்களா? மூணு கிலோ!" என்று லோரோங் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் பெயரே மூணு கிலோ ஆகிவிட்டது. சொந்தப் பெயர் வரி கட்டும் ரசீதில் மட்டும் மிஞ்சியது.

டிரிக்கரை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானது. யூடியூப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் கார் கொட்டகையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மாற்றுவதை முப்பது தடவை பார்த்தார். நம் ஊரில் அப்படித் துப்பாக்கியைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் போலீஸ்காரர் வந்து நிற்பார் என்று அண்ணி எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வீட்டிலிருந்த ஸ்க்ரூ டிரைவர்களை எல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்தும் வைத்தார்.

கடைசியில் முறைப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடை முதலாளியான சீனத் தவுக்கே துப்பாக்கியையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். பன்றிக்கு இந்த டிரிக்கர் போதும் என்றார். அண்ணன் டாச்சிங் கதையை ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தவுக்கே கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒப்புக்கொண்டார். போலீஸில் கடிதம் வாங்க வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், நாலு மாதம் ஆகும் என்றார்.

நாலு மாதம்! என் கன்றுகள் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தன. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அழாத தங்கச்சி. டிரிக்கர் இளகுற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல. வெரலுக்குப் பலத்த ஏத்திருவேன்."

அன்று மாலையே ஆரம்பமானது. வலது ஆள்காட்டி விரலில் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையோடு மாட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றி நடந்தார். அடுத்த வாரம் இரண்டு கிலோ. அதற்கடுத்து மூன்று. நடந்தபடியே விரலை மடக்குவார், நீட்டுவார், மடக்குவார். சீனி அலுத்துப்போய் அரிசிக்கு மாறினார். லோரோங் பெண்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணே, பயிற்சிக்கு ஆச்சு," என்று சொல்லி மார்க்கெட் பைகளை அவர் விரலில் மாட்டிவிட்டார்கள். நானும்தான் மாட்டினேன். மறைக்க மாட்டேன்.

மூன்றாவது மாதத்தில் அந்த விரல் பொது ஆபத்தாக மாறியது. பேரங்காடியில் லிப்ட் பொத்தானை அழுத்தினார். லிப்ட் இரண்டு நாள் ஓடவில்லை. அண்ணியின் போனில் ஒரு படத்தைத் தள்ளினார், கண்ணாடி விரிசல் விட்டது. தீபாவளிக்கு வந்த மருமகளின் கன்னத்தை ஆசையாகத் தட்டினார்; அந்தப் பெண் பலகாரம் மெல்லச் சிரமப்பட்டது. ஒருநாள் என் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். பொத்தான் உள்ளே போனது போனதுதான். மணி ஒரு மணி நேரம் அடித்தது. நான் ஏணி போட்டு ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது.

"பொத்தான் சரியில்ல தங்கச்சி. மட்டமான சாமான். மாத்திரு," என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இப்படி விரல் கனிந்து நின்ற நேரத்தில்தான் தவுக்கே போன் செய்தார். டிரிக்கர் வந்துவிட்டது, மாட்டியாகிவிட்டது.

அண்ணன் துப்பாக்கியோடு திரும்பி வந்தபோது முகத்தில் மாப்பிள்ளைக் களை. "தொட்டாச்சிணுங்கி மாதிரி இருக்குலா! தவுக்கே சொல்றாரு, இப்ப ஒரு கிலோகூட இல்லயாம். மெதுவாத் தொடணுமாம். எனக்கே சொல்றாரு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டுவிட்டார்கள், டிரிக்கரும் விரலும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. நாற்பத்தாறு கன்று மிச்சமிருந்தது; எனக்கு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் நிலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பன்றி வந்தது. பெரிய ஆண் பன்றி. பதினைந்தடி தூரத்தில், பக்கவாட்டில், படம் எடுக்க நிற்பதுபோல் நின்று ஒரு கன்றின் குருத்தில் பசியாறத் தொடங்கியது. இதைத் தவறவிட வேண்டுமென்றால் தனியாகத் திறமை வேண்டும்.

அண்ணனிடம் அந்தத் திறமை இருந்தது. துப்பாக்கியைத் தூக்கினார். இன்னும் பாதிதான் தூக்கியிருந்தார். அரிசி மூட்டைக்குப் பழகிய விரல் தொட்டாச்சிணுங்கியைத் தொட்டது.

டமால்!

பன்றி துள்ளி ஓடியது. புகை விலகியதும் பார்த்தேன். நாற்பத்தாறு கன்றில் நெஞ்சுயரம் வளர்ந்து நின்றது ஒன்றே ஒன்று. இரண்டு வருடமாகப் பன்றியே தொடாமல் விட்ட கன்று. நான் தினமும் முதலில் போய்ப் பார்க்கிற கன்று. அதன் தலையைக் காணவில்லை. அடித்தண்டு மட்டும் பஞ்சு பஞ்சாக நின்றது.

மாதக்கணக்கில் சேர்த்து வைத்த வசவெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. இப்போது இந்த மனிதர் என்ன சொல்வார்? காற்று சரியில்லை என்பாரா, கன்று நின்ற இடம் சரியில்லை என்பாரா? சொல்லட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று திரும்பினேன்.

அண்ணன் துப்பாக்கியை மடக்கித் தரையில் வைத்தார். எழுந்து போய் அந்தக் கன்றின் பக்கத்தில் குந்தினார். அதைத் தொடப் போனவர், அந்த விரலைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"என் தப்புதான்மா," என்றார். "டிரிக்கர் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... எனக்கு சுடவே தெரியலம்மா. என்னைக்குமே தெரியல."

அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒப்புக்கொண்ட முதல் தவறு, நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த தவறு, கையில் கிடைத்துவிட்டது. எனக்கு அது வேண்டாமாக இருந்தது. அந்த முகத்தில் அது பொருந்தவே இல்லை. என் வசவெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"உங்க தப்பு இல்லண்ணே," என்றேன். "டிரிக்கர் ரொம்ப லேசாப் போச்சு. தவுக்கே சரியா மாட்டல."

அவர் தலை மெல்ல நிமிர்ந்தது.

"நானும் அதான் நெனச்சேன் தங்கச்சி," என்றார். "கடைக்காரன் சரியில்ல."

அன்று மத்தியானமே கம்பிச் சுருளோடு வந்து இறங்கினார். பத்து நாள் என் நிலத்தைச் சுற்றி வேலி போட்டார். கம்பியை இறுக்க மற்றவர்கள் இடுக்கி கேட்பார்கள். அவருக்கு ஆள்காட்டி விரல் போதும். வீணை நரம்புபோல் இழுத்துக் கட்டினார். அதன் பிறகு ஒரு பன்றி உள்ளே வரவில்லை. நாற்பத்தைந்து கன்றும் பிழைத்தன. துப்பாக்கியை உரிமக் காலம் முடிந்ததும் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். ஏன் என்று கேட்ட அதிகாரியிடம் "டிரிக்கர் சரியில்லை" என்றாராம்.

போன வருடம் அண்ணனும் அண்ணியும் தங்காக் ஊரில் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் கதவைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும். உள்ளே போன பொத்தான் அப்படியே இருக்கிறது. மட்டமான சாமான்தான், தெரியும். மாற்ற எனக்குத்தான் மனம் வரவில்லை.