கோபிகையின் தலையும் ஓர் அவசரத் தந்தியும்

1948 அக்டோபர் 6, புதன்கிழமை, மாலை ஐந்து நாற்பது. காற்றே இல்லை, பம்பாயில் மாட்டுங்கா முழுக்கப் புழுக்கம். என் மேலதிகாரி வீட்டுக் கொலுவுக்குப் பின்னால், ஒன்றேகால் அடி இடுக்கில் குந்தியிருந்தேன். சட்டைப் பையில் ஒரு கோபிகையின் தலை.

எல்லாம் என் வாய் செய்த வேலை. தந்தி ஆபீஸில் எனக்கு அப்போது பதினோரு மாத சர்வீஸ். வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் சாரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அவர் வீட்டுக் கொலுவில் கண்ணனையும் எட்டு கோபிகைகளையும் மெல்லச் சுற்ற வைக்கிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். (யாராவது கேட்டார்களா? இல்லை.) பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில், ராணுவம் கழித்துப்போட்ட மோட்டார் ஒன்று எலுமிச்சம்பழ அளவில் கிடைத்தது. ஒரு பேட்டரி, வேகத்தைக் குறைக்க ஒரு கம்பிச்சுருள். என் அறையில் வெறும் பலகை அழகாகச் சுற்றியது. பொம்மைகளை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒன்பது மண்பொம்மைகளும் ஏறியதும் மோட்டார் உறுமியதே தவிர அசையவில்லை. சுருளைக் கொஞ்சம் தள்ளினேன், உறுமல். இன்னும் ஒரு நூலளவு தள்ளினேன், பலகை பம்பரமாகிவிட்டது. சாரின் மனைவி, மாமியின் கல்யாணச் சீராக வந்த கோபிகை விழுந்து, தலை மட்டும் என் மடிக்கு வந்தது. நல்லவேளை, முன்திரை இன்னும் திறக்கவில்லை.

"அம்பி, ஆச்சா? எல்லாரும் வந்தாச்சு" என்றாள் மாமி.

"இதோ ஆச்சு மாமி."

தலையைச் சட்டைப் பையில் போட்டு, கோபிகையின் உடம்பைப் படிக்கு அடியில் ஒளித்தேன். மிச்சம் ஏழு. நான் எதையும் எண்ணுகிறவன்; வந்தவர்கள் எல்லாரும் எண்ணுவார்கள் என்றே நடுங்கினேன். சுருளைக் கழற்றி எறிந்தேன். தந்தி அடித்துப் பழகும் கீ என் தோள்பையில் இருந்தது. அதைச் சுருளின் இடத்தில் மாட்டி, முழு மின்சாரத்தையும் தட்டுக்குத் தட்டு துளித் துளியாகக் கொடுத்தால்? ஒரு தட்டுக்கு ஒரு விரற்கடை நகர்ந்தது. விடாமல் தட்டினேன், கண்ணன் நிதானமாகச் சுற்றினார். திரை திறந்தது. பெண்கள் பாடினார்கள்.

ஒரே மாதிரி தட்டியிருக்க வேண்டும். பயந்துபோன தந்திக்காரனின் விரல் சும்மா தட்டாது, தந்தி எழுத்தாகத்தான் தட்டும். பத்தாவது நிமிஷத்தில்தான் அது என்ன அடிக்கிறது என்று எனக்கே கேட்டது: 'கோபிகை தலை உடைந்தது. மாமிக்குத் தெரியாது. வேலை போயிற்று.' (இங்கிலீஷில்தான், தந்தியில் தமிழ் ஏது?)

கூடத்தில் அதைக் காதால் படிக்கக்கூடியவர் ஒருவர்தான். கையை நிறுத்தினால் கண்ணன் நின்றுவிடுவார். நிறுத்தாமல் வியர்த்தேன். அப்போது காபி டம்ளரில் மோதிரம் தட்டும் சத்தம். சார்தான்.

'தலை எங்கே?'

'என் பையில்.'

'அங்கேயே இருக்கட்டும். எனக்கும் அவளிடம் பயம்.'

"என்ன, டம்ளரைப் போட்டுத் தட்டிண்டு?" என்றாள் மாமி.

"பாட்டுக்குத் தாளம் போடறேன்" என்றார் சார்.

இன்றைக்கும் என் பேரன்கள் எதையாவது உடைத்தால் வாயைத் திறப்பதில்லை, மேஜையில் தட்டுகிறார்கள். அந்தக் கொலுவுக்கு மறுநாள் என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. கூடவே சார் என் பெயரில் ஒரு ரசீதையும் நீட்டினார். "சொந்த விஷயம். ஆபீஸ் கணக்கில் போகாது" என்றார். அவசரத் தந்திக் கட்டணம், ஒரு ரூபாய் பத்தணா.